நட்சத்திரம் பெல்ட் போட்ட பொம்மைக்கு

அம்பாசிடர் காலத்து மனிதர்கள் ஒரு வாதத்தை இன்னும் விடுவதாக இல்லை. “அந்த வண்டி இரும்பு. மோதினால் எதிரே இருப்பதுதான் சேதமாகும். இன்றைக்கு வருவதெல்லாம் தகரம், விரலால் அழுத்தினாலே பள்ளம் விழுகிறது.” கல்யாணப் பந்தலிலும் டிங்கரிங் பட்டறையிலும் கேட்கிற பேச்சு இது. புது கார் வாங்கப் போகிற இடத்திலும் கூடவே வந்த பெரியவர் ஒருவர் பானெட்டைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

இந்த வாதத்துக்கு அமெரிக்காவில் 2009-ல் பதில் கிடைத்துவிட்டது. அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு ஒன்று தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959-ல் தயாரான செவர்லே பெல் ஏர், 2009-ல் தயாரான செவர்லே மாலிபு. இரண்டும் தலா மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகத்தில், ஓட்டுநர் பக்கத்து முன்பாதி மட்டும் இடிக்கும்படி நேருக்கு நேர் மோதவிடப்பட்டன. பார்வைக்குப் பழைய கார்தான் பட்டாளத்து வண்டி மாதிரி இருந்தது. மோதலில் அதன் கதவு திறந்துகொண்டது, முன்கண்ணாடி முழுதாகப் பிடுங்கிக்கொண்டு போனது, இருக்கை தரையிலிருந்து பெயர்ந்தது, ஸ்டியரிங் ஓட்டுநரை நோக்கி ஏறி வந்தது. உள்ளே மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றார்கள். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் காயம் படலாம், அவ்வளவுதான். அதன் முன்பக்கம் என்னவோ அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

அப்படி அடையாளம் தெரியாமல் போவதுதான் அதன் வேலை. விபத்துச் செய்தி எழுதும்போதெல்லாம் கார் ‘அப்பளம் போல் நொறுங்கியது’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. படிப்பவர் கார் மட்டமானது என்று முடிவுகட்டிவிடுகிறார். நொறுங்கியது எந்தப் பகுதி, நொறுங்காமல் நின்றது எந்தப் பகுதி என்று யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவதும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதும் ஒன்று. வேகம் இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும். 100 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 40 மீட்டர். நான்குவழிச் சாலையில் நாம் சாவகாசமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும் வேகம் அது. விழுவதைத் தடுக்க முடியாது. எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறோம் என்பதை மட்டும்தான் மாற்ற முடியும். 50 கி.மீ. வேகத்தில் வரும் உடல் 60 செ.மீ. தூரத்தில் நின்றால், தன் எடையைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்கவேண்டும். இளைஞரோ நடுவயதுக்காரரோ, அது தாங்கக்கூடியதே. அதே உடல் டேஷ்போர்டில் முட்டி 5 செ.மீ. தூரத்தில் நின்றால் விசை 200 மடங்கை நெருங்கும். அதைத் தாங்கும் உடல் கிடையாது. காரில் உயிர்காக்கும் கருவிகள் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அத்தனையும் இந்த 5 செ.மீ.க்கும் 60 செ.மீ.க்கும் இடையில் நடக்கும் போராட்டம்தான்.

முதல் பங்கு காரின் மூக்கினுடையது. மெர்சிடிஸ் நிறுவனத்தில் இருந்த பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை எளிமையானது: நடுவில் ஆட்கள் இருக்கும் அறை கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும். 1959-ல் அந்த யோசனைப்படி கார் வந்தது. இன்று பானெட்டுக்குக் கீழே போகும் இரண்டு நீள உத்தரங்களும் எந்த இடத்தில் முதலில் மடியவேண்டும், எந்த இடத்தில் அடுத்து மடியவேண்டும் என்று கணினியில் தீர்மானித்தே செய்யப்படுகின்றன. ஆட்கள் அறையைச் சுற்றியுள்ள தூண்களிலும் கதவுக்கடி உத்தரத்திலும் போரான் கலந்த மிகக் கடினமான எஃகு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் வெளித்தகட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரியவர் தட்டிப் பார்ப்பது சட்டையை. எலும்பு உள்ளே இருக்கிறது.

மூக்கு நசுங்கி மிச்சப்படுத்திய தூரம் நமக்கு வந்து சேரவேண்டுமானால் நாம் காரோடு சேர்ந்து நிற்கவேண்டும். கார் நின்ற பிறகும் நாம் மட்டும் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், பொறியாளர் கொடுத்த 60 செ.மீ. வீண். நம்மைக் காரோடு கட்டுவது சீட் பெல்ட் ஒன்றுதான். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்குமுன் அவர் சாப் நிறுவனத்தில் போர்விமானிகளைத் தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். ஒரு கையால், ஒரே இழுப்பில் மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. வால்வோ அந்தக் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய தருமம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நாடா இன்று வெறும் நாடாவும் அல்ல. மோதல் என்று தெரிந்த நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில், சுருளுக்குப் பக்கத்தில் சிறு வெடிமருந்து வெடித்து, தொளதொளவென்று கிடக்கும் பெல்ட்டைச் சில அங்குலம் உள்ளே இழுத்து உடலை இருக்கையோடு ஒட்டவைக்கிறது. அடுத்த கணம் உடலின் பாரம் பெல்ட்டின்மேல் முழுதாக விழும்போது, விலா எலும்பு முறியாதபடி சுருளின் உள்ளே ஒரு முறுக்குத் தண்டு மெல்லத் திரும்பி, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. முதலில் இழு, பிறகு விடு. இரண்டும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதைச் சொல்லாமல் ‘சீட் பெல்ட் அணிவீர்’ என்று மட்டும் பலகை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெல்ட்டுக்குப் பிறகுதான் ஏர்பேக். ஸ்டியரிங்கின் நடுவிலும் டேஷ்போர்டிலும் பொறித்திருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தில் முதல் எழுத்து ‘துணை’ என்பதைக் குறிக்கிறது. பெல்ட்டுக்குத் துணை. நம் ஊர் விற்பனைப் பேச்சில் துணை கதாநாயகனாகிவிட்டது. “ஆறு ஏர்பேக் சார்” என்று சொல்கிற விற்பனையாளர் எத்தனை இருக்கைகளில் வெடிமருந்து இழுவை உள்ள பெல்ட் இருக்கிறது என்று சொல்வதில்லை. கேட்பவர்களும் இல்லை.

ஏர்பேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது ஏன் துணைதான் என்பதும் புரியும். காரின் முன்புறத்திலும் நடுவிலும் உள்ள உணரிகள் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை இடைவிடாமல் அளக்கின்றன. வேகத்தடையில் தூக்கிப்போட்டால் ஒரு மாதிரி, குழியில் விழுந்தால் ஒரு மாதிரி, சுவரில் மோதினால் வேறு மாதிரி. 15 முதல் 20 மில்லிநொடிக்குள் கணினி முடிவெடுத்துவிடும். உடனே ஒரு வேதிக் கட்டி எரிந்து வாயுவாகிப் பையை ஊதும். முழுதாக விரிய இன்னுமொரு 30 மில்லிநொடி போதும். முகம் போய்ச் சேரும்போது பை விரிந்து முடித்து, பின்னாலிருக்கும் துளைகள் வழியே காற்றை விட்டுச் சுருங்கத் தொடங்கியிருக்கவேண்டும். சுருங்குவதால்தான் அது தாங்குகிறது. இன்னும் விரிந்துகொண்டிருக்கும் பையில் போய் முட்டினால் அது மெத்தை இல்லை, மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் அறை.

பெல்ட் போடாதவர் பிரேக் அடித்த உடனேயே முன்னால் சரிந்து, பை விரியும் பாதையிலேயே உட்கார்ந்திருப்பார். அமெரிக்கா இதைக் கசந்து கற்றது. அங்கே பெல்ட் போடாதவரையும் ஏர்பேக் காப்பாற்றவேண்டும் என்று விதி வைத்தார்கள். அதனால் பையும் பெரிது, வெடிப்பும் கடுமை. 1990 முதல் 2008 வரை, சாதாரணக் காயத்தோடு போயிருக்கவேண்டிய குறைவேக மோதல்களில் ஏர்பேக்கே 290-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பத்தில் எட்டுப் பேர் பெல்ட்டே போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். பல பேர் குழந்தைகள். 1998 வாக்கில் வெடிப்பின் வேகத்தைக் குறைத்த பிறகே அந்தச் சாவுகள் ஏறக்குறைய நின்றன. ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் இடையே 25 செ.மீ.யாவது இருக்கட்டும் என்று சொல்வதும், ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் ஏர்பேக் ஊதியில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் பல ஆண்டு சேர்ந்து தாக்கியதில் அது கெட்டு, தேவைக்கு மேல் சீறி, உலோக உறையே துண்டுகளாகச் சிதறி ஆட்களைக் கொன்றது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும்தான். நிறுவனம் 2017-ல் திவாலானது. பத்துப் பதினைந்து வயதான கார் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்ததா, பாகம் மாற்றப்பட்டதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி, என் சண்டைக்கு வருகிறேன். பின்னிருக்கை.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் தடுப்புச்சுவரில் மோதியது. விலையுயர்ந்த ஜெர்மன் கார். பாதுகாப்பு வசதிகளுக்குக் குறைவில்லை. முன்னிருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னிருக்கையில் இருந்த மிஸ்திரியும் அவருடைய நண்பரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. இருவரும் இறந்தார்கள். கொஞ்ச நாள் நாடே பின்னிருக்கை பெல்ட்டைப் பற்றிப் பேசியது. பிறகு பேச்சு ஆறு ஏர்பேக்குக்குத் தாவியது. மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொல்லி, 2023 அக்டோபருக்குத் தள்ளிவைத்து, கடைசியில் கட்டாயமில்லை என்று கைவிட்டது. இத்தனை விவாதத்திலும், காரில் ஏற்கெனவே இருக்கிற, பத்துப் பைசா செலவில்லாத நாடாவை மாட்டுவது பற்றிய பேச்சு காணாமல் போனது.

‘பின்னால் உட்கார்ந்தால் முன்சீட்டு தடுக்கும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் வேரோடியிருக்கிறது. முன்சீட்டு தடுக்காது, மடங்கும். அதில் இருப்பவரையும் சேர்த்து நசுக்கும். ஜப்பானில் செய்த ஆய்வொன்று 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பின்னால் இருப்பவர்கள் பெல்ட் போட்டிருந்தால், பெல்ட் போட்டிருந்தும் இறந்த முன்னிருக்கைக்காரர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பிழைத்திருப்பார்கள் என்பது அதன் கணக்கு. பின்னிருக்கையில் பெல்ட் போடாத மாமா தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. முன்னால் ஒழுங்காக பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் மருமகனின் முதுகுக்குப் பின்னால் 75 கிலோ எடையாக உட்கார்ந்திருக்கிறார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று 16,715 பேரைக் கணக்குக் காட்டுகிறது. அவர்களில் 8,331 பேர் பயணிகள். கிட்டத்தட்ட சரிபாதி. அதே அறிக்கையில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறப்பில் இரண்டாமிடம், 17,884 பேர்.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்காரும் பழக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 10 கிலோ குழந்தை, மேலே சொன்ன 50 கி.மீ. மோதலில், 160 கிலோ மூட்டையாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பாசத்துக்கு இங்கே வேலை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவு 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அந்தப் பிரிவில் அபராதம் கட்டிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா?

சரி, மோதல் சோதனையில் கார்களுக்குத் தரும் நட்சத்திரம்? 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டு ஐந்துக்கும் பூஜ்யம் போட்டபோது நமக்கு ரோஷம் வந்தது. நல்ல ரோஷம். 2018-ல் முதல் இந்திய கார் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு தரமதிப்பீடு வந்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தச் சோதனையில் உள்ளே இருக்கும் பொம்மைகள் பெல்ட் போட்டிருக்கின்றன. கிடைக்கும் நட்சத்திரம் பெல்ட் போட்ட பொம்மைக்குக் கிடைத்தது. பெல்ட் போடாமல் ஐந்து நட்சத்திரக் காரில் போகிறவருக்கு அந்த ஐந்தில் எத்தனை மிஞ்சும் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை.

முன்மோதல் சோதனையில் பெரியவர்களின் பொம்மை முன்னிருக்கையில் மட்டும் இருக்கிறது. பின்னால் இருப்பவை குழந்தை இருக்கையில் கட்டிய குழந்தைப் பொம்மைகள். பின்னிருக்கையில் உட்காரும் பெரியவர், அதாவது கார் வாங்கியவரின் அப்பா அம்மா, அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால்தான் பல நிறுவனங்கள் வெடிமருந்து இழுவையும் முறுக்குத் தண்டும் உள்ள பெல்ட்டை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் சாதா பெல்ட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. பெண்கள் விஷயமும் இப்படித்தான். உலகின் மோதல் சோதனைகளைப் பல பத்தாண்டு காலம் ஆண்டது 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஆண் பொம்மை. பெல்ட் போட்டிருந்தும் பெண் ஓட்டுநர்களுக்கு பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சராசரிப் பெண்ணின் உடலமைப்பில் பின்மோதல் சோதனைக்கான பொம்மையை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு உருவாக்கிக் காட்டியது 2022-ல்தான்.

தொழிற்சாலை ஒழுங்காகச் செய்து அனுப்பிய காரை நாம் என்ன செய்கிறோம் என்பது தனிக் கதை. முன்னால் கனத்த குழாயில் பம்பர் கார்டு மாட்டுகிறோம். மடியவேண்டிய உத்தரம் மடியாமல் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகிறது. உணரிக்கு வரும் கணக்கும் கெட்டுப்போகிறது. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் இதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அரசியல்வாதிகளின் வண்டிகளைப் பார்த்தால் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது. இருக்கையின் பக்கவாட்டிலிருந்து ஏர்பேக் வெளியே வரவேண்டிய தையலை அடைத்து, ரெக்சின் உறை போடுகிறோம். முன்பயணியின் ஏர்பேக் மூடிமேலேயே பசை போட்டுப் பிள்ளையாரை உட்காரவைக்கிறோம். பிள்ளையார் இருக்கட்டும், நானும் கும்பிடுகிறவன்தான். மூடியை விட்டு ஒரு சாண் தள்ளி உட்காரவைத்தால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எல்லாவற்றையும் தோற்கடித்தது ஒரு சின்ன உலோகத் துண்டு. பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமல்லவா, அந்தக் கத்தலை நிறுத்துவதற்காக பெல்ட் பூட்டில் செருகி வைக்கும் போலி நாக்கு. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, இந்தத் துண்டை விற்ற 13,118 பதிவுகளை நீக்கவைத்தது. அதைச் செருகினால் பெல்ட் போட்டிருப்பதாகக் கணினி நம்பிவிடும். பெல்ட் நிலவரத்தைப் பார்த்து வெடிப்பை மாற்றிக்கொள்ளும் கார்களில் அதுவும் தவறாகப் போகும். காசு கொடுத்து வாங்கிய காவல்காரனிடம் காசு கொடுத்துப் பொய் சொல்கிற ஏற்பாடு இது.

பழைய கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணையவேண்டும். எரிந்தபடியே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் சந்தேகம் இன்னும் அதிகம். ஒருமுறை வெடித்த பையை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டி, விளக்கைப் பிடுங்கி விற்றவர்கள் உண்டு.

எந்த பெல்ட்டாலும் ஏர்பேக்காலும் ஆகாத ஒரு விபத்து நம் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டே இருக்கிறது. விடியற்காலையில், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் கார் புகுந்துவிடுவது. லாரியின் தளம் காரின் பானெட்டுக்கு மேலே இருக்கிறது. நசுங்கவேண்டிய மூக்கு எதிலும் மோதாமல் அடியில் போய்விட, முதல் அடி முன்கண்ணாடியில், தலை உயரத்தில் விழுகிறது. இதைத் தடுக்க லாரியின் பின்னால் தாழ்வான தடுப்புக் கம்பி வேண்டும் என்று விதி இருக்கிறது. கண்ணில் படும் லாரிகளில் பல அந்தக் கம்பியைப் பெயருக்கு வைத்திருக்கின்றன, வளைந்தும் தொங்கியும் துருப்பிடித்தும். இங்கே கார்க்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. லாரிக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலர் அந்தக் கம்பியை உதைத்துப் பார்த்தாலே பல உயிர் பிழைக்கும்.

அரசுக்கு என் கோரிக்கை பெரிதல்ல. பாரத் என்கேப் சோதனையில் பின்னிருக்கையில் ஒரு பெரியவர் பொம்மையையும், முன்னால் ஒரு பெண் பொம்மையையும் உட்காரவையுங்கள். பின்னிருக்கைக்கும் இழுவையுள்ள பெல்ட்டை, ஆறு ஏர்பேக்குக்கு முன்னால், கட்டாயமாக்குங்கள். ஹெல்மெட்டுக்குச் சாலையில் நிற்கும் காவலர் காரின் பின்கண்ணாடிக்குள்ளும் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. நம் கார்கள் பலவற்றில் பின்னிருக்கை பெல்ட்டின் பூட்டு, கடையில் போட்ட சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வாடகைக் கார்களில் கேட்கவே வேண்டாம். இன்றைக்கே கையை விட்டு அதை வெளியே எடுங்கள். உறையைக் கிழிக்கவேண்டி வந்தால் கிழியுங்கள். அடுத்தமுறை வண்டி கிளம்புமுன் பின்னால் இருப்பவர்கள் மாட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். மாட்டாவிட்டால் கிளம்பாதீர்கள்.